மரம் நடுவதும் பாவமா?

நெய்வேலியில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு மரத்தின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வட்டம் வட்டமாக வகுத்து அமைத்த இந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு மாமரம், ஒரு பலா, கொல்லையில் தென்னை, வாசலில் வேம்பு. சாலைக்குச் சாலை நிழல். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போது வெளியூரிலிருந்து வருகிறவர்கள், "இங்கே மட்டும் எப்படி ஸார் கொஞ்சம் குளுகுளுவென்று இருக்கிறது?" என்று கேட்பார்கள். சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண், மலைமலையாகக் குவிந்து வெறும் மேடாகக் கிடந்த இடங்களிலும் கன்றுகளை நட்டுக் காடாக்கியிருக்கிறார்கள். "மரம் நடுவோம், மழை பெறுவோம்" என்று அட்டை பிடித்துக்கொண்டு ஊர்வலம் போகாத குழந்தை நம் ஊரில் உண்டா?

ஆகையால், இப்போது சொல்லப் போகிற சமாசாரம் முதலில் காதுக்கு விபரீதமாகத்தான் இருக்கும். இதே தமிழ்நாட்டில், "இங்கே மரம் நட்டதுதான் தப்பு" என்று சொல்லி, நட்ட மரங்களைச் சர்க்காரே செலவு செய்து அகற்றுகிற இடம் ஒன்று இருக்கிறது. ஊட்டிக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டி, மேகங்களுக்கு நடுவே இருக்கிறது அந்த இடம். அதன் பெயர் முக்கூர்த்தி தேசியப் பூங்கா.

பூங்கா என்றதும் பெஞ்சியும் ரோஜாப் பாத்தியும் நினைவுக்கு வந்தால், தயவு செய்து அவற்றை மறந்துவிடுங்கள். சுமார் 78 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மலைக்காடு அது. பொழுதுபோக்கச் சென்றவர்கள் இஷ்டப்படி உள்ளே நுழைய அனுமதி கிடையாது. பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு மேல் இரண்டாயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரம். முக்கூர்த்திச் சிகரம் மட்டும் 2,554 மீட்டர். சூர்ப்பனகையின் மூக்கு அறுபட்ட கதையோடு இந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. தொலைவிலிருந்து பார்த்தால் சிகரத்தின் ஒரு பக்கம் செங்குத்தாக அறுத்துவிட்டது போலத்தான் இருக்கிறது. தோடர்களுக்கோ அது புனிதமான மலை. இறந்தவர்களின் ஆவி அந்தச் சிகரத்தின் வழியாகத்தான் மறு உலகம் செல்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை.

புல்லும் சோலையும்

கோடை விடுமுறையில் ஊட்டி போனவர்கள் 'ஆறாவது மைல்', 'ஒன்பதாவது மைல்' என்று சொல்லி அழைத்துப் போகும் புல்மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். எத்தனையோ சினிமாக்களில் கதாநாயகனும் கதாநாயகியும் ஓடிப் பிடித்து விளையாடிய மேடுகள்தாம் அவை. அதே மாதிரியான புல்வெளி, ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை, மனிதச் சந்தடியே இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் முக்கூர்த்தி.

மலைச் சரிவெல்லாம் புல். மலைகளின் மடிப்புகளில் மட்டும், ஓடைக் கரையை ஒட்டி, கரும்பச்சையாகச் சிறு சிறு காடுகள். அவற்றுக்குச் சோலை என்றே பெயர். குட்டையான மரங்கள் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு நிற்கும். கிளையெல்லாம் பாசி தொங்கும். உள்ளே பட்டப்பகலிலும் அந்தி மங்கலாக இருக்கும்.

சோலைக்குள் இத்தனை மரம் இருக்க, அடுத்தாற்போல் இருக்கும் சரிவில் ஒரு மரம்கூட இல்லாதது ஏன்? இதற்குப் பனி ஒரு முக்கியமான காரணம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே இரவில் உறைபனி விழும். விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் சுண்ணாம்பு தெளித்தது போல் வெளுத்திருக்கும். திறந்த வெளியில் விழுந்த விதை முளைத்தாலும் அந்தப் பனியில் கன்று கருகிவிடும். சோலைக்குள்ளோ பெரிய மரங்கள் குடை பிடித்துத் தங்கள் கன்றுகளைக் காப்பாற்றுகின்றன. புல்லின் சாமர்த்தியமே வேறு. அது உயிரை மண்ணுக்கடியில் வேரில் வைத்திருக்கிறது. மேலே காய்ந்தாலும் கருகினாலும், வெயில் பட்டதும் மறுபடி துளிர்த்துவிடும்.

இது நேற்று முளைத்த புல்வெளி அல்ல. நீலகிரியின் சதுப்பு மண்ணைத் தோண்டி ஆராய்ந்தவர்கள், இருபதாயிரம் வருஷங்களுக்கு முன்பே இந்த மலைகளில் புல் வளர்ந்திருந்தது என்பதற்குச் சான்று கண்டிருக்கிறார்கள். இருபதாயிரம் வருஷம்! பனி, காற்று, மழை மூன்றும் சேர்ந்து போட்ட கோலம் அது.

பெயர்தான் ஆடு

இந்தப் புல்வெளிக்கு ஒரு ராஜா உண்டு. அவர்தான் வரையாடு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு. வரை என்றால் மலை. மலையிலே வாழ்கிற ஆடு வரையாடு. வருடை என்ற பெயரில் சங்க நூல்களிலேயே மலையாடு வருகிறது. இவ்வளவு பழைய சொந்தக்காரரை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? யானையையும் புலியையும் குழந்தைகளுக்குக் காட்டுகிறோம். வரையாட்டைக் காட்ட மறந்துவிடுகிறோம்.

நன்றாக வளர்ந்த கிடா, தோள் வரை சுமார் மூன்றரை அடி உயரம். எடை எண்பது, நூறு கிலோ இருக்கும். வயது ஏற ஏற உடம்பு கரும்பழுப்பாகி, முதுகில் மட்டும் வெள்ளி நிறமாகச் சேணம் போட்ட மாதிரி ஒரு பட்டை தோன்றும். கொம்பு பின்னால் வளைந்திருக்கும். கீழே பார்த்தால் நமக்குத் தலை சுற்றுகிற பாறை விளிம்பில், அது ஏதோ வீட்டுத் திண்ணையில் நிற்பது போல் நின்று அசைபோடும். மந்தை மேயும்போது ஒன்றாவது தலையைத் தூக்கிக் காவல் பார்த்துக்கொண்டிருக்கும். சிறுத்தையோ செந்நாயோ வந்தால் எச்சரிக்கைக் குரல் எழும்பும். அடுத்த கணம் மந்தை முழுவதும் செங்குத்துப் பாறையில் இறங்கிவிடும். அங்கே அதைத் துரத்தத் துணிகிற பிராணி அநேகமாகக் கிடையாது.

பெயர்தான் ஆடு. 2005-ஆம் வருஷம் விஞ்ஞானிகள் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இமயமலையில் இதைப் போலவே தோற்றமளிக்கும் 'தார்' ஆட்டை விடச் செம்மறியாடுதான் இதற்குக் கிட்டின உறவு என்று தெரிந்தது. உலகத்திலேயே தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இது இல்லை. பெண் ஆடு சுமார் ஆறு மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி போடும். குளிர் காலத்தில், ஜனவரி, பிப்ரவரி வாக்கில்தான் அதிகமான குட்டிகள் பிறக்கும். வாடைக் காற்றில், பாறை இடுக்கில் நடக்கும் பிரசவம். அதிலும் எல்லாக் குட்டிகளும் பிழைப்பதில்லை.

துப்பாக்கியும் கோடாலியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊட்டிக்கு வந்த துரைமார்களுக்கு இது நல்ல வேட்டைப் பொருளாகிவிட்டது. சேணம் போட்ட கிடாவின் தலையைச் சுவரில் மாட்டுவது அவர்களுக்குப் பெருமை. ஆட்டின் எண்ணிக்கை அருகி வரவே, வேட்டைக்காரர்களே பயந்துபோனார்கள். 1877-ல் ஒரு சங்கம் கண்டார்கள். 1879-ல் நீலகிரிக்கென்றே வேட்டை, மீன்பிடிப்புப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சுட்டவர்களே காவலுக்கும் நின்றது வேடிக்கைதான். ஆனாலும் வரையாடு அடியோடு அழியாமல் தப்பியதற்கு அது ஒரு காரணம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு, ஒரு காலத்தில் தாமும் வேட்டையாடிய வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. தாவிதார், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு மலைமலையாக ஏறி வரையாடுகளைக் கணக்கெடுத்தார். 1975-ல் அவர் செய்த ஆராய்ச்சி இந்தத் துறையில் முன்னோடியானது. அவர் நினைவாக ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 7-ஆம் தேதி வரையாடு தினம் கொண்டாடப்படுகிறது. முக்கூர்த்தி 1982-ல் சரணாலயமாயிற்று. 1990-ல் தேசியப் பூங்காவாயிற்று. 2012-ல் மேற்குத் தொடர்ச்சி மலையின் பல பகுதிகளோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றது.

துப்பாக்கி ஓய்ந்தது. ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து ஓசைப்படாமல் மலையேறியிருந்தது. அதுதான் மரம்!

புல்வெளியைப் பார்த்த ஆங்கிலேய அதிகாரிகள், அதை வீணாய்க் கிடக்கும் தரிசு என்று கணக்கில் எழுதினார்கள். அடுப்பெரிக்க விறகு வேண்டுமே! ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸ் வந்தது. நீலகிரிக்காரர்கள் அதைக் கற்பூர மரம் என்பார்கள். கூடவே 'வாட்டில்' என்ற மரமும் வந்தது. அதற்கு அங்கே சீகை மரம் என்று பெயர். நாம் தலைக்குத் தேய்த்துக்கொள்ளும் சீயக்காய் அல்ல, வேறு.

சுதந்திரம் வந்தபின் நம்மவர்களும் அந்தக் கணக்கையே தொடர்ந்தார்கள். தோல் பதனிட ஆவாரம்பட்டை போதவில்லை. சீகைப் பட்டையில் துவர்ப்புச் சத்து ஏராளம். ஆகவே ஐந்தாண்டுத் திட்டங்களில் சீகையை மேலும் மேலும் நட்டார்கள். மேட்டுப்பாளையம் பக்கம் சிறுமுகையில் விஸ்கோஸ் ஆலை வந்தபோது, செயற்கைப் பட்டு செய்ய மரக்கூழ் வேண்டியிருந்தது. அதற்கும் நீலகிரியின் கற்பூர மரமும் சீகையும்தான். ஒரு காலத்தில் நம் வீட்டுப் பெட்டியில் இருந்த பளபளப்பான ரேயான் ரவிக்கையிலும், வாசலில் கழற்றிவிட்ட செருப்பிலும் அந்தப் புல்வெளியின் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்த காரியமல்ல. விறகு வேண்டும், தோல் தொழில் வளர வேண்டும், துணி வேண்டும். எல்லாம் நியாயமான தேவைகள்தாம். 1980-களின் இறுதியில் புல்வெளியில் இப்படி நடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் சீகை நிற்கவில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்து வருஷம் உறங்கிக் கிடந்து, சமயம் பார்த்து முளைக்கும். ஒரு மரத்தை வெட்டினால், வெளிச்சம் பட்ட இடத்தில் நூறு கன்று எழும்பும். போதாக்குறைக்கு, அழகுக்காகக் கொண்டுவந்த 'ஸ்காட்ச் புரூம்' என்ற மஞ்சள் பூச்செடியும் புதராக மண்டுகிறது.

வரையாட்டுக்கு இதனால் என்ன? அது மேய்வது புல்லை. ஆபத்து வந்தால் தூரத்திலேயே தெரிய வேண்டும். ஓடிப்போய்ப் பாறையில் இறங்க வேண்டும். சீகைக் காட்டுக்குள் புல்லும் இல்லை, பார்வையும் இல்லை. ஒரு மலையின் மந்தை அடுத்த மலைக்குப் போகும் வழியும் அடைபடுகிறது. பெயரில் 'நீலகிரி' வரையாடுதான். ஆனால் இன்று நீலகிரியில் அது முக்கியமாக மிஞ்சியிருப்பது இந்த முக்கூர்த்தியில்தான்.

துளசி மாடத்தில் பலாமரம்

ஊட்டி போய்வந்த ஒரு மாமி எங்கள் வட்டத்தில் ஆவேசமாகக் கேட்டார்: "இதென்ன அநியாயம்! நாம் இங்கே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி மரம் வளர்க்கிறோம். அங்கே நன்றாக நிற்கிற மரத்தைச் சாய்க்கிறார்களே! மழை எப்படிப் பெய்யும்?"

"மாமி, பலாமரம் நல்ல மரந்தானே?" என்று கேட்டேன்.

"அதிலென்ன சந்தேகம்? நம் பண்ணுருட்டிப் பலாவுக்கு ஈடு உண்டா?"

"அதை உங்கள் துளசி மாடத்தில் நட்டால்?"

"மாடம் பிளந்துபோகாதா? துளசி என்ன ஆவது?" என்றவர், சொல்லிவிட்டுச் சற்று யோசித்தார். "ஓகோ, அப்படியா சங்கதி!"

சங்கதி அதோடு முடியவில்லை. துளசிக்காக மட்டும் அல்ல, தண்ணீருக்காகவும்தான் இந்தப் பாடு. 2019 ஆகஸ்டில் முக்கூர்த்திக்குப் பக்கத்திலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் கடலூர் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுவதும் பெய்கிற மழையில் பெரும்பகுதி அது! அப்படிப்பட்ட மழையில் முடிந்தவரை பிடித்து, மண்ணுக்குள் வைத்துக்கொண்டு, பிறகு சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடுவது எது? அந்தப் புல்லும், சோலையும், பள்ளத்திலுள்ள சதுப்பும்தான். இட்டிலித் தட்டில் போடும் ஈரத்துணி மாதிரி, பிழிந்த பிறகும் அதில் ஈரம் இருக்கும்.

கற்பூர மரம் அப்படி அல்ல. அதற்குத் தாகம் அதிகம். ஊட்டியிலுள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார், கிளென்மார்கன் பகுதியில் அடுத்தடுத்த இரண்டு சிறு பள்ளத்தாக்குகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். மற்றதில் பாதிக்குமேல் கற்பூர மரம் நட்டார்கள். இரண்டிலும் ஓடும் நீரை வருஷக் கணக்காக அளந்தார்கள். முதல் பத்து வருஷத்தில், மரம் நட்ட பள்ளத்தாக்கில் ஓடை நீர் 16 சதவீதம் குறைந்துவிட்டது!

முக்கூர்த்தியிலிருந்து வடக்குத்து வரை

"அங்கே ஓடை வற்றினால் எனக்கென்ன?" என்று நெய்வேலியிலோ சென்னையிலோ இருப்பவர்கள் சொல்ல முடியாது. இந்தப் பகுதியின் நீர்தான் பைக்காராவாகவும் பவானியாகவும் இறங்குகிறது. 1932-லேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்தார்கள். 1962-ல் நெய்வேலி அனல் நிலையம் ஓடத் தொடங்குமுன், தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிந்தது மலை நீரின் தயவால்தான்.

அப்புறம் அந்த நீர் என்ன ஆகிறது? பைக்காரா மாயாறாகிப் பவானிசாகரில் சேர்கிறது. பவானி, கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. மேட்டூர் நீரோடு சேர்ந்து முக்கொம்பில் கொள்ளிடமாகப் பிரிந்து, அணைக்கரையில் வடவாற்றில் திரும்பி வீராணம் ஏரிக்கு வருகிறது. 'பொன்னியின் செல்வன்' தொடர்கதையின் முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் குதிரை மேல் வந்து வியந்து நின்றானே, அதே ஏரிதான்! அங்கிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகக் குழாயில் ஏறி, நம் நெய்வேலிக்குப் பக்கத்திலிருக்கும் வடக்குத்தில் சுத்தமாகி, சென்னைக்குப் போகிறது. வடக்குத்தைத் தாண்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்ளலாம்: இந்தக் குழாயில் எங்கேயோ ஒரு துளி, வரையாடு மேய்ந்த புல்லின் நுனியிலிருந்து சொட்டியதாக இருக்கக்கூடும்.

எண்ணிப் பார்த்தார்கள்

வரையாட்டைக் காப்பதற்கென்றே தமிழக அரசு 2022-ல் சுமார் 25 கோடி ரூபாயில் ஒரு திட்டம் அறிவித்து, 2023 அக்டோபரில் தொடங்கியது. அந்நியச் செடிகளை அகற்றுவதற்கான கொள்கை ஒன்றும் 2022-லேயே வந்தது. 2024-ல் தமிழ்நாட்டு மலைகளில் ஒரே சமயத்தில் எண்ணியபோது 1,031 வரையாடுகள் இருந்தன. 2025 ஏப்ரலில் கேரளத்தோடு சேர்ந்து எண்ணியபோது, தமிழ்நாட்டின் கணக்கு 1,303. கூடியிருப்பது சந்தோஷம்தான். ஆனால் மொத்தக் கூட்டத்தையும் நம் ஊரில் ஒரே ஒரு கல்யாண மண்டபத்து ஜனத்தோடு ஒப்பிட்டுவிடலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆட்டை எண்ணுவது எளிது. புல்லைத் திரும்பக் கொண்டுவருவதுதான் கஷ்டம். சீகையை வெட்டினால் மட்டும் போதாது. வருஷா வருஷம் முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். பழைய புல் வகைகளின் விதை எடுத்து, நாற்றங்காலில் வளர்த்து, நெல் நடுவது போல் பிடி பிடியாக நட வேண்டும். எல்லா இடத்திலும் மரத்தை வெட்டித் தள்ளுவதும் சரியல்ல. பழைய சீகைத் தோப்பின் நிழலில் சில இடங்களில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே தலை நீட்டுகின்றன. அங்கே பொறுமையாக இருப்பதே நல்லது என்கிறார்கள் அறிந்தவர்கள். தோடர்களுக்கும் இதில் அக்கறை உண்டு. அவர்களுடைய எருமைகளுக்கு அந்தப் புல்தான் ஆகாரம். அவர்கள் கோயிலுக்குக் கூரை வேய்வதும் சதுப்பில் வளரும் ஒரு வகைப் புல்லினால்தான்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நெய்வேலியிலிருந்து எழுதுவதற்கு அர்த்தமில்லை. உலகம் சூடேறிக்கொண்டு வருகிறது. உறைபனி குறைந்தால், புல்வெளிக்கு இத்தனை காலம் காவல் நின்ற காவற்காரன் போய்விட்டான் என்று பொருள். வெயில் ஏறினால் கீழ்மலைப் பிராணி மேலே ஏறலாம். ஏற்கெனவே உச்சியில் இருப்பது எங்கே ஏறும்? அந்தச் சூட்டில் நாம் எரிக்கும் பழுப்பு நிலக்கரிக்கும் பங்கு உண்டு. அந்த நிலக்கரியே, கோடி ஆண்டுக் கணக்கில் மண்ணில் புதைந்து கிடந்த ஒரு காடுதான்! அது தந்த வெளிச்சத்தில்தான் நம் குழந்தைகள் படித்தார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அறையில் ஆள் இல்லாதபோது சுழலும் மின்விசிறியை நிறுத்த, நெய்வேலிக் குடும்பத்துக்கு மற்றவர்களைவிட ஒரு காரணம் அதிகம்.

பார்க்க ஆசையா?

வரையாட்டை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் முக்கூர்த்திக்குப் போக அடம் பிடிக்க வேண்டாம். மூணாறுக்குப் பக்கத்தில் இரவிகுளம் தேசியப் பூங்கா இருக்கிறது. உலகத்திலேயே ஒரே இடத்தில் அதிகமான வரையாடுகள் வாழ்வது அங்கேதான். ராஜமலையில் சாலையோரத்திலேயே மேயும். குட்டி போடும் பருவமான பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் பூங்காவை மூடிவிடுவது வழக்கம். பிரசவ அறைக்குள் கூட்டம் போடக் கூடாது என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரிந்த விஷயம் அல்லவா? திறந்திருக்கும் மாதங்களில் போகிறவர்களும் தின்பண்டம் நீட்டாமல், தொட்டுப் பார்க்காமல் இருந்தால் போதும்.

ஊட்டிக்குப் போவதாயிருந்தால், 2024 மே முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸை முன்னாலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் புட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, பழைய வழக்கப்படி கூஜாவில் தண்ணீர் எடுத்துப் போங்கள். திரும்பும்போது ரோஜாக் கன்றோடு, அழகாயிருக்கிறதே என்று பெயர் தெரியாத செடியையும் பிடுங்கிக்கொண்டு வராதீர்கள். நீலகிரி படுகிற பாடெல்லாம், யாரோ ஒருவர் அழகென்றும் உபயோகமென்றும் நினைத்து வேறு ஊர்ச் செடியைக் கொண்டுவந்ததில் ஆரம்பித்ததுதான்.

அப்படியானால் நெய்வேலியில் மரம் நடுவதை நிறுத்திவிடலாமா? கூடவே கூடாது! சுரங்க மேட்டில் நட வேண்டியது மரம். முக்கூர்த்தியில் காக்க வேண்டியது புல். எந்தப் பாத்திரத்தில் எதை வைப்பது என்று தெரிந்தவள்தான் கெட்டிக்காரக் குடும்பத் தலைவி. பூமியின் குடித்தனத்துக்கும் அதே சூத்திரந்தான்.